91 பேரில் 60 பேர் எங்கே?

நார்த்விண்ட் டிரேடர்ஸ் என்று ஒரு நிறுவனம். பல நாடுகளிலிருந்து உணவுப் பொருள்களை வாங்கி விற்கிறது. 91 வாடிக்கையாளர்கள், 77 பொருள்கள், 830 ஆர்டர்கள், ஒன்பது ஊழியர்கள். முகவரி தேடிப் போனால் அப்படி ஒரு கடை எங்கும் கிடையாது. மைக்ரோசாஃப்ட் தன் ஆக்சஸ் மென்பொருளோடும், பிறகு எஸ்க்யூஎல் சர்வரோடும் பயிற்சிக்காகச் சேர்த்துக் கொடுத்த கற்பனைக் கணக்கு அது. 1990களிலிருந்து தரவுத்தளம் படிக்க வருகிறவர்களில் ஏராளமானோர் இந்தப் பொய்க் கடையின் கணக்கில்தான் கை பழகியிருக்கிறார்கள்.

அதனிடம், வாஷிங்டன் மாநிலத்து வாடிக்கையாளர்கள் யார் என்று கேட்டால் மூன்று பெயர்கள் வரும். சியாட்டிலில் ஒருவர், கிர்க்லண்டில் ஒருவர், வாலா வாலா என்ற ஊரில் ஒருவர். சரி, வாஷிங்டன் அல்லாத மற்றவர்கள்? 91இல் மூன்று போனால் 88. ஆனால் திரையில் வருவது 28 பெயர்கள். பிழைச்செய்தி கிடையாது, எச்சரிக்கை கிடையாது. அறுபது பேர் சத்தமில்லாமல் காணாமல் போயிருக்கிறார்கள்.

தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லின் அடிப்படை இலக்கணத்தை ஒரு வாரத்தில் கற்றுவிடலாம் என்று பயிற்சி மையங்கள் சொல்வது உண்மைதான். அவை சொல்லாமல் விடுவது வேறு. எழுத்துப்பிழை விட்டால் இந்த மொழி உடனே முறைத்துக்கொள்ளும். கேள்வியே தவறாக இருந்தாலோ, பணிவாக ஒரு விடையைத் தந்துவிட்டுப் போய்விடும். அந்தத் தவறுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் பதுங்கியிருக்கின்றன: எந்தப் பதிவு வேண்டும், எது வேண்டாம் என்று வடிகட்டும் இடத்தில்.

இப்படி ஒரு மொழி தேவைப்பட்டதன் கதை 1960களில் தொடங்குகிறது. அப்போது தரவுத்தளத்திடம் ஒன்றைக் கேட்க வேண்டுமென்றால் நிரலர்தான் வர வேண்டும். அப்போலோ திட்டத்துக்கான ராக்கெட்டின் எண்ணற்ற உதிரிபாகங்களைக் கணக்கு வைக்க ஐபிஎம் உருவாக்கிய ஐஎம்எஸ் அமைப்பில் தரவுகள் ஒன்றின்கீழ் ஒன்றாகத் தொங்கின. சார்லஸ் பாக்மன் வகுத்த வலைப்பின்னல் முறையில் ஒரு பதிவிலிருந்து அடுத்த பதிவுக்குச் சுட்டிகள் இருந்தன. எந்தச் சுட்டியைப் பிடித்து எந்தப் பக்கம் போவது என்பதை நிரல் எழுதுகிறவரே தீர்மானிக்க வேண்டும். 1973இல் கணினித் துறையின் டூரிங் விருது பெற்றபோது பாக்மன் ஆற்றிய உரை, நிரலரைக் கடலில் திசை பார்த்துச் செலுத்தும் மாலுமியாகவே வர்ணித்தது. அவருக்கு அது பெருமை. ஒரு சின்ன விவரம் கேட்டுவிட்டு மாலுமிக்காக வாரக்கணக்கில் காத்திருந்த அலுவலக மேலாளருக்கு அது அவ்வளவு இனித்திருக்காது.

அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே மாற்று வழி அச்சாகியிருந்தது. எட்கர் காட் ஆங்கிலேயர். இரண்டாம் உலகப் போரில் விமானி, ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் படித்தவர், கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் ஐபிஎம் ஆய்வகத்தில் வேலை. 1970 ஜூனில் அவர் வெளியிட்ட கட்டுரை, தரவுகளை எளிய அட்டவணைகளாக வைத்தால் போதும் என்றது. என்ன வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள், எப்படித் தேடுவது என்பது எந்திரத்தின் பாடு. 1981இல் அவருக்கும் டூரிங் விருது கிடைத்தது. ஆனால் காட் முன்வைத்த குறியீடுகள் கணிதப் பேராசிரியர்களுக்கே உரியவை. கடைக் கணக்கர் அவற்றைத் தட்டச்சு செய்யக்கூட முடியாது.

அந்த இடைவெளியை அடைத்தவர்கள் அதே நிறுவனத்தின் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும். முதலில் ஸ்கொயர் என்று ஒரு மொழி செய்தார்கள். அதில் சிறிய கீழெழுத்துகள் தேவைப்பட்டதால் விசைப்பலகைக்கு ஒத்துவரவில்லை. அடுத்து வந்தது சீக்வல். ஏறக்குறைய பேச்சு ஆங்கிலத்தின் வாக்கியங்கள். 1974 மே மாதம் மிச்சிகனில் நடந்த ஒரு கருத்தரங்கில் அதை முன்வைத்தார்கள். கணக்காளர், பொறியாளர், கட்டடக் கலைஞர், நகரத் திட்டமிடுபவர் என்று கணினி படிக்காதவர்களையே அந்தக் கட்டுரை மனத்தில் வைத்திருந்தது. சொன்னதோடு நிற்காமல், ஃபிலிஸ் ரைஸ்னர் என்ற ஆய்வாளரின் முன்னெடுப்பில் கல்லூரி மாணவர்களை உட்கார வைத்து, இரண்டு மொழிகளில் எது எளிதாகப் பிடிபடுகிறது என்று சோதித்தும் பார்த்தார்கள். ஒரு கணினி மொழியை மனிதர்கள்மேல் இப்படிச் சோதித்துப் பார்ப்பது அந்நாளில் அபூர்வம். பாய்ஸ் அந்த 1974லேயே, இருபதுகளில் இருந்தபோதே, மூளை ரத்தக்குழாய் வெடித்து இறந்துபோனார். சீக்வல் என்ற பெயரை ஒரு பிரிட்டிஷ் விமானத் தயாரிப்பு நிறுவனம் ஏற்கெனவே வணிகச்சின்னமாகப் பதிந்து வைத்திருந்ததால் மொழியின் பெயர் எஸ்க்யூஎல் என்று சுருங்கியது. ஐபிஎம் நிதானமாக ஆய்வு நடத்திக்கொண்டிருக்க, அதன் கட்டுரைகளைப் படித்த லாரி எல்லிசனின் சிறு நிறுவனம் 1979இல் ஆரக்கிள் தரவுத்தளத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டது. 1986இல் அமெரிக்கத் தர நிறுவனமும் அடுத்த ஆண்டு உலகத் தர நிறுவனமும் மொழிக்கு முத்திரை குத்தின.

இன்றும் ஒரு வினவலின் எலும்புக்கூடு (அலுவலகங்களில் கொயரி என்றால்தான் புரியும்) 1974இல் இருந்ததுதான். தமிழ் எழுத்தில் எழுதினால் இப்படி இருக்கும்:

செலக்ட் பெயர், நகரம்
ஃப்ரம் வாடிக்கையாளர்கள்
வேர் நாடு = 'ஜெர்மனி';

செலக்ட் எந்த நெடுவரிசைகள் வேண்டும் என்கிறது, ஃப்ரம் எந்த அட்டவணையிலிருந்து என்கிறது, வேர் எந்த நிபந்தனைக்கு உட்பட்டவை என்கிறது. நார்த்விண்டில் ஓட்டினால் 11 பதிவுகள் வரும். செலக்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டால் எல்லா நெடுவரிசைகளும் வந்து விழும். கையால் தோண்டிப் பார்க்கும்போது அது வசதி. நிரலுக்குள் எழுதி வைப்பது சோம்பேறித்தனம். நாளை யாராவது அட்டவணையில் ஒரு படத்தையோ நீண்ட குறிப்பையோ சேர்த்தால் அதுவும் தேவையில்லாமல் ஒவ்வொரு முறையும் வலைவழியே பயணம் செய்யும்.

எழுதும் வரிசை ஒன்று, எந்திரம் பொருள்கொள்ளும் வரிசை வேறொன்று. முதலில் ஃப்ரம், பிறகு வேர், பிறகு குரூப் பை கொண்டு தொகுத்தல், தொகுத்தவற்றை வடிகட்டும் ஹேவிங், அதற்குப் பிறகுதான் செலக்ட், கடைசியில் ஆர்டர் பை. விலையையும் அளவையும் பெருக்கி அதற்கு 'தொகை' என்று செலக்ட்டில் பெயர் வைத்துவிட்டு, வேர் பகுதியில் தொகை > 1000 என்று எழுதும் மாணவரிடம், தொகை என்று ஒரு நெடுவரிசையே இல்லை என்று பெரும்பாலான தரவுத்தளங்கள் சண்டைக்கு வரும். வேர் நடக்கும் நேரத்தில் அந்தப் பெயர் இன்னும் பிறக்கவில்லை. இந்த வகைப் பிழை நல்ல பிழை. குறைந்தபட்சம் சத்தம் போடுகிறது.

திரும்பத் திரும்ப வருவதை ஒன்றாக்க டிஸ்டிங்க்ட். வாடிக்கையாளர்களின் நாடுகளை மட்டும் கேட்டால் 91 வரிகள். டிஸ்டிங்க்ட் சேர்த்தால் 21 நாடுகள். இதன் நியாயமான வேலை இவ்வளவுதான். இரண்டு அட்டவணைகளைத் தப்பாக இணைத்ததால் பதிவுகள் இரட்டிப்பாகும்போது, காரணம் தேடாமல் டிஸ்டிங்க்ட் போட்டு மூடிவிடும் பழக்கம் பல அலுவலகங்களில் உண்டு. அறிக்கை அழகாகிவிடும், உள்ளே இருக்கும் தவறு அப்படியே இருக்கும்.

வடிகட்டலில் முதல் குழி, பள்ளிக்கூடத்திலேயே படித்தது: பெருக்கல் முதலில், கூட்டல் பிறகு. எஸ்க்யூஎல்லில் 'ஆண்ட்' முதலில், 'ஆர்' பிறகு. பானங்களிலும் கடலுணவுகளிலும் 50 டாலருக்கு மேல் விலையுள்ளவை எவை என்று நார்த்விண்டைக் கேட்க நினைக்கும் ஒருவர், நினைத்த வரிசையிலேயே எழுதிவிடுகிறார் (வகை 1 பானங்கள், வகை 8 கடலுணவு):

வேர் வகை = 1 ஆர் வகை = 8 ஆண்ட் விலை > 50

வருவது 13 பொருள்கள். முதல் பொருளே 18 டாலர் டீ. காரணம், விலை நிபந்தனை கடலுணவோடு மட்டும் ஒட்டிக்கொண்டது. பானங்கள் பன்னிரண்டும் விலை பார்க்காமல் உள்ளே வந்துவிட்டன. வகை நிபந்தனைகள் இரண்டையும் அடைப்புக்குறிக்குள் போட்டால் மிஞ்சுவது இரண்டே பொருள்கள்: 263.50 டாலர் பிரெஞ்சு ஒயின் ஒன்று, 62.50 டாலர் இறால் ஒன்று. வகை இன் (1, 8) என்று எழுதினால் அடைப்புக்குறிப் பிரச்சினையே இல்லை. பதிமூன்று வரிகளைக் கண்ணால் பார்த்தால் தவறு தெரிந்துவிடும். பதிமூன்று லட்சம் வரிகளின் கூட்டுத்தொகை மட்டும் ஒரு அறிக்கையில் ஏறும்போது யாருக்குத் தெரியும்?

பிட்வீன் அடுத்தது. ஒன்றுக்கும் முப்பத்தொன்றுக்கும் இடையில் என்றால் இரண்டு முனைகளும் சேர்த்துத்தான். எண்களுக்கு இது சரி. தேதியோடு நேரமும் பதிவாகும் நெடுவரிசையில்தான் சிக்கல். ஜனவரி 1 முதல் ஜனவரி 31 வரை என்று எழுதினால், 31 என்பதை எந்திரம் 31ஆம் தேதி நள்ளிரவு 12 மணி என்று எடுத்துக்கொள்ளும். அன்று காலை கடை திறந்ததிலிருந்து நடந்த வியாபாரம் முழுவதும் கணக்கில் வராது. அனுபவசாலிகள் பிட்வீனைத் தவிர்த்து, ஜனவரி 1 அல்லது அதற்குப் பின், பிப்ரவரி 1க்கு முன் என்று இரண்டு நிபந்தனைகளாக எழுதுவது இதனால்தான். நார்த்விண்டில் பழகியவர்களுக்கு இந்தக் குழி கண்ணில் படவே படாது. அதன் 830 ஆர்டர்களின் தேதிகளிலும் நேரம் நள்ளிரவாகவே இருக்கிறது. பயிற்சித் தரவின் சுத்தமே ஒரு குறை.

எழுத்துகளை வைத்துத் தேட லைக். சதவீதக் குறி எத்தனை எழுத்துக்கும் பொருந்தும், அடிக்கோடு ஒரே ஓர் எழுத்துக்குப் பொருந்தும். ஆங்கிலத்துக்கு எழுதப்பட்ட இந்த விதி தமிழுக்கு வரும்போது தடுக்கி விழுகிறது. 'அம்மா' என்பது படிப்பவருக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து குறிகள். மூன்று அடிக்கோடு போட்டுத் தேடினால் போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளங்களில் அம்மா வரமாட்டார். இன்னொரு தொல்லை கண்ணுக்கே தெரியாது. 'கொ' என்பதை க, அதற்கு ஒரே ஒகரக் குறி என்று இரண்டாகச் சேமிக்கலாம். க, கொம்பு, கால் என்று மூன்றாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பல தரவுத்தளங்களின் இயல்பான ஒப்பீட்டில் இரண்டும் வேறு வேறு. ஓர் அலுவலகம் ஒரு மென்பொருளிலும் இன்னொரு அலுவலகம் வேறொன்றிலும் கொடைக்கானல் என்று தட்டியிருந்தால், ஊர்ப் பெயரைச் சமக்குறி போட்டுத் தேடுகிறவருக்குப் பாதிப் பதிவுகள்தான் கிடைக்கும். உள்ளே வாங்கும்போதே யூனிகோடின் இயல்பாக்க விதிப்படி ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடுவதுதான் இதற்கு வழி.

இனி காணாமல் போன அறுபது பேர்.

அவர்கள் பெரும்பாலும் ஜெர்மனி, பிரான்ஸ், மெக்சிகோ போன்ற நாட்டுக்காரர்கள். முகவரியில் மாநிலம் எழுதப்படவில்லை. அந்த இடத்தில் தரவுத்தளம் வைத்திருப்பது 'நல்'. அது பூஜ்யமல்ல, வெற்றுச் சொல்லுமல்ல. இங்கே மதிப்பு எதுவும் பதிவாகவில்லை என்பதற்கான அடையாளம். தெரியாத மாநிலம் வாஷிங்டனுக்குச் சமமா என்று கேட்டால் நேர்மையான விடை, தெரியாது. சமமில்லையா என்று கேட்டாலும் தெரியாது. ஆக எஸ்க்யூஎல்லில் உண்மை, பொய் என்ற இரண்டோடு 'தெரியாது' என்ற மூன்றாவது விடையும் உண்டு. வேர் பகுதி உண்மை என்று உறுதியானவற்றை மட்டுமே உள்ளே விடும். சமம் என்ற கேள்வியிலும் சமமில்லை என்ற கேள்வியிலும் அந்த அறுபது பேர் வாசலிலேயே நிற்பது இதனால்தான்.

மாநிலம் = நல் என்று எழுதியும் அவர்களைப் பிடிக்க முடியாது; அதற்கும் விடை தெரியாதுதான். மாநிலம் இஸ் நல் என்று எழுத வேண்டும். வாஷிங்டன் அல்லாத 88 பேரும் வேண்டுமென்றால் 'ஆர் மாநிலம் இஸ் நல்' என்று சேர்க்க வேண்டும், அல்லது நல்லையும் ஒரு மதிப்பாகவே பாவித்து ஒப்பிடும் 'இஸ் டிஸ்டிங்க்ட் ஃப்ரம்' என்ற வடிவத்தைப் பயன்படுத்த வேண்டும். தர ஆவணத்தில் நெடுநாளாக இருக்கும் இந்த வசதி மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வருக்கு 2022 பதிப்பில்தான் வந்து சேர்ந்தது. எண்ணுவதிலும் இதே கதை. கவுண்ட்டுக்குள் நட்சத்திரம் போட்டால் 91. மாநிலம் என்று போட்டால் 31. இரண்டுமே சரியான விடைகள், கேள்விகள்தான் வேறு.

நல் விளையாட்டின் உச்சம் 'நாட் இன்'. நார்த்விண்டின் ஒன்பது ஊழியர்களில் யாருக்கும் மேலாளராக இல்லாதவர்கள் யார்? ஊழியர் அட்டவணையில் ஒவ்வொருவருக்கும் மேலாளர் எண் ஒரு நெடுவரிசையில் இருக்கிறது. அங்கே வரும் எண்கள் இரண்டே: 2, 5. துணைத் தலைவர் ஆண்ட்ரூ ஃபுல்லருக்கு மேலே யாரும் இல்லாததால் அவர் வரியில் நல். மீதி ஏழு பேர் வர வேண்டும்.

செலக்ட் பெயர் ஃப்ரம் ஊழியர்கள்
வேர் எண் நாட் இன் (செலக்ட் மேலாளர் ஃப்ரம் ஊழியர்கள்);

விடை: ஒருவருமில்லை. எந்திரம் இதை 'எண் 2 அல்ல, 5 அல்ல, நல்லும் அல்ல' என்று பிரித்துப் படிக்கிறது. கடைசித் துண்டுக்கு எப்போதும் தெரியாது என்பதே விடை. ஆகவே மொத்த நிபந்தனையும் யாருக்கும் உண்மையாவதில்லை. ஒற்றை நல் ஏழு பேரையும் விழுங்கிவிடுகிறது. உள் வினவலில் 'மேலாளர் இஸ் நாட் நல்' சேர்த்தாலோ 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' கொண்டு எழுதினாலோ ஏழு பேரும் வந்துவிடுவார்கள். வேலைக்கு ஆள் எடுக்கும் நேர்முகத் தேர்வுகளில் இந்தக் கேள்வி அடிக்கடி வருவதில் ஆச்சரியமில்லை.

இந்த வடிவமைப்பு சரிதானா என்று அறிஞர்கள் நெடுங்காலம் அடித்துக்கொண்டார்கள். காட் 1990இல் எழுதிய நூலில், தெரியாத மதிப்புக்கு ஒன்று, பொருந்தாத மதிப்புக்கு ஒன்று என்று இரண்டு அடையாளங்கள் வேண்டும் என்றார். ஜெர்மானியரின் மாநிலம் தெரியாதது. ஃபுல்லரின் மேலாளர் என்பதோ பொருந்தாதது. காட்டின் நெடுநாள் தோழர் கிறிஸ் டேட், நல்லே வேண்டாம் என்று விடாமல் வாதாடினார். தொழில் உலகம் இருவர் பேச்சையும் கேட்கவில்லை. ஆரக்கிள் தன் பங்குக்கு, வெற்றுச் சொல்லையும் நல் என்றே எடுத்துக்கொள்ளும் ஒரு பழக்கத்தை வைத்துக்கொண்டு, வேறு தரவுத்தளத்திலிருந்து வருகிறவர்களை இன்றுவரை படுத்துகிறது.

நல்லைச் சொல்லாக எழுதிவைத்தால் என்ன ஆகும்? கலிபோர்னியாவில் ஒரு கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் வேடிக்கைக்காகத் தன் காருக்கு 'நல்' என்றே எண்பலகை வாங்கினார். வண்டி எண் எழுதப்படாத யார் யாருடைய அபராதச் சீட்டுகளோ அவர் முகவரிக்கு வந்து குவிந்தன. மொத்தம் 12,000 டாலருக்கு மேல். 2019இல் லாஸ் வேகாஸ் டெஃப்கான் மாநாட்டில் அவரே மேடையேறிச் சொன்ன கதை இது. தமிழர்களுக்கு இதில் ஒரு சொந்த அனுபவம் உண்டு. குடும்பப் பெயர் இல்லாமல் ஒற்றைப் பெயரோடு கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு அமெரிக்க விசாவில் முதற்பெயர் இடத்தில் 'எஃப்என்யூ' என்று அச்சாகிறது. முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம். காலியாக விட முடியாத நெடுவரிசையில் போட்ட அந்த நிரப்புச் சொல், போகுமிடமெல்லாம் பெயராகவே கூட வந்துகொண்டிருக்கும்.

வரிசைப்படுத்துவது ஆர்டர் பையின் வேலை. அது இல்லாவிட்டால் பதிவுகள் எந்த வரிசையில் வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. பல மாதங்கள் ஒரே ஒழுங்கில் வந்துகொண்டிருந்தவை ஒரு மென்பொருள் புதுப்பிப்புக்குப் பிறகு மாறி வந்தால் புகார் சொல்ல இடமில்லை. முதல் ஐந்து பதிவுகள் மட்டும் வேண்டும் என்பதற்கு மைஎஸ்க்யூஎல்லும் போஸ்ட்கிரெஸும் லிமிட் என்கின்றன, மைக்ரோசாஃப்ட் டாப் என்கிறது, பழைய ஆரக்கிள் ரோநம் என்றது. தர ஆவணம் 2008இல்தான் ஃபெட்ச் ஃபர்ஸ்ட் என்று ஒரு பொது வடிவம் சொன்னது. அதற்குள் ஊருக்கு ஒரு பேச்சு வேரூன்றிவிட்டது.

தமிழ்ச் சொற்களை வரிசைப்படுத்தச் சொன்னால் நடப்பது சுவையானது. வயல், வலை, வழி, வளி, வறுமை, வனம். அகராதியில் இதுதான் ஒழுங்கு. குறியெண்ணை மட்டும் பார்க்கும் ஒப்பீட்டு முறையில் ஆர்டர் பை தருவது: வனம், வயல், வறுமை, வலை, வளி, வழி. இந்திய எழுத்துகளுக்கெல்லாம் பொதுவான ஓர் அடுக்கில் தமிழை வைத்த யூனிகோட், ன-வை ந-வுக்குப் பக்கத்திலும் ற-வை ர-வுக்குப் பக்கத்திலும் குடியமர்த்திவிட்டதன் விளைவு. வாக்காளர் பட்டியலோ நூலக அட்டவணையோ தயாரிப்பவர் தரவுத்தளத்தின் மொழிவாரி ஒப்பீட்டு விதியைத் தமிழுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். போஸ்ட்கிரெஸில் 2017இல் வந்த பத்தாம் பதிப்பிலிருந்து இதற்கு ஐசியூ என்ற மென்பொருள் நூலகத்தின் விதிகள் கிடைக்கின்றன.

எப்படித் தேடுவது எந்திரத்தின் பாடு என்று காட் சொன்னாரே, அந்தப் பாட்டை முதலில் ஒழுங்காகப் படவைத்தவர் பாட்ரீசியா செலிங்கர். ஐபிஎம்மின் சிஸ்டம் ஆர் திட்டத்தில் அவரும் தோழர்களும் 1979இல் எழுதிய கட்டுரை, ஒரு வினவலைப் பல வழிகளில் நடத்தலாம் என்றால் ஒவ்வொரு வழிக்கும் என்ன செலவு என்று மதிப்பிட்டு மலிவானதை எடுக்கச் சொன்னது. ஒரு நிபந்தனை எத்தனை பதிவுகளை மிச்சம் வைக்கும் என்று தெரியாதபோது அவர்கள் வைத்துக்கொண்ட ஊகங்கள் துணிச்சலானவை: சமக்குறி என்றால் பத்தில் ஒன்று, பெரிது-சிறிது என்றால் மூன்றில் ஒன்று, பிட்வீன் என்றால் நான்கில் ஒன்று. இன்றைய தரவுத்தளங்கள் புள்ளிவிவரங்கள் சேகரித்து வைத்துக்கொண்டாலும் அடிப்படை அந்தக் கட்டுரைதான்.

மலிவான வழி பெரும்பாலும் குறியட்டவணை வழி. புழக்கத்தில் இன்டெக்ஸ். போயிங் ஆய்வகத்தில் ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்ரெய்ட்டும் 1970 வாக்கில் உருவாக்கிய பி-ட்ரீ அமைப்பின் வழித்தோன்றல்கள்தான் பெரும்பாலான இன்டெக்ஸ்கள். கோடிப் பதிவுகளில் ஒன்றைச் சில தாவல்களில் எட்டிவிடும். ஆனால் நிபந்தனை எழுதும் விதத்தில் அதை முடக்கிவிடலாம். ஆர்டர் தேதியிலிருந்து ஆண்டைப் பிரித்தெடுத்து அது 1997க்குச் சமமா என்று கேட்டால், தேதிகளை வரிசையாக அடுக்கிய இன்டெக்ஸுக்குப் பொதுவாக வேலையில்லை. ஒவ்வொரு பதிவாக எடுத்துக் கணக்குப் போட வேண்டும். 1997 ஜனவரி 1 முதல், 1998 ஜனவரி 1க்கு முன் என்று எழுதினால் நேராகப் போய் எடுக்கும். நார்த்விண்டில் இரண்டுக்கும் 408 ஆர்டர்கள், இரண்டும் கண்ணிமைப்பில். பெரிய வங்கியின் பரிவர்த்தனை அட்டவணையில் ஒன்று நொடிக்குள் முடியும், மற்றொன்று டீ குடித்துவிட்டு வரும்வரை ஓடும். லைக்கில் முன்னால் சதவீதக் குறி போடுவதும் இதே போன்ற முடக்கம்தான்.

வடிகட்டும் இடத்தில் அயலார் கை வைத்தால் விளைவு வேறு மாதிரி. இணையதளத்தின் பெட்டியில் ஒருவர் தட்டுவதை அப்படியே வேர் பகுதியில் ஒட்டும் நிரல்கள் ஒரு காலத்தில் சர்வசாதாரணம். கடவுச்சொல் பெட்டியில் ஒற்றை மேற்கோள் குறி போட்டு, பிறகு ஆர் '1' = '1 என்று தட்டினால், நிபந்தனை எல்லாப் பதிவுக்கும் உண்மையாகிவிடும்; கதவு திறந்துவிடும். 1998 டிசம்பரில் ஃப்ராக் என்ற ஹேக்கர் இதழில் ஜெஃப் ஃபாரிஸ்டல் இதை விளக்கி எழுதினார். பத்தாண்டு கழித்தும் பாடம் ஏறவில்லை. அமெரிக்காவில் கார்டு பரிவர்த்தனைகளைக் கையாண்ட ஹார்ட்லேண்ட் பேமெண்ட் சிஸ்டம்ஸுக்குள் இந்த வழியில் நுழைந்த கும்பல் சுமார் 13 கோடி கார்டு எண்களைத் திருடியதாகக் குற்றப்பத்திரிகை சொன்னது. தலைவன் ஆல்பர்ட் கொன்சாலஸுக்கு 2010இல் 20 ஆண்டு சிறை. தடுக்கும் வழி அன்றும் தெரிந்ததே: வினவலின் வடிவத்தை முதலில் அனுப்பிவிட்டு, பயனர் தட்டியதை வெறும் மதிப்பாகத் தனியே அனுப்புவது.

2009 வாக்கில் எஸ்க்யூஎல்லுக்குச் சாவுமணி அடிக்கப்பட்டது. நோஎஸ்க்யூஎல் என்ற கொடியோடு புதிய தரவுத்தளங்கள் வந்தன. அட்டவணையும் வேண்டாம், இந்த மொழியும் வேண்டாம் என்றன. அதே ஆண்டு ஃபேஸ்புக் பொறியாளர்கள், தங்கள் பிரம்மாண்டத் தரவுக் குவியலை எஸ்க்யூஎல் போன்ற மொழியில் கேட்க உதவும் ஹைவ் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள் என்பது வேடிக்கை. கூகுளின் ஸ்பேனர் தரவுத்தளம் அம்மொழி இல்லாமல் தொடங்கி, அதை ஏற்றுக்கொண்ட கதையை 2017இல் ஓர் ஆய்வுக் கட்டுரையாகவே எழுதியது. ரிச்சர்ட் ஹிப் 2000இல் வெளியிட்ட எஸ்க்யூலைட் என்ற சிறு தரவுத்தளம், ஆண்ட்ராய்டிலும் ஐஃபோனிலும் உட்கார்ந்துகொண்டு செலக்ட்டுக்கு விடை சொல்லிக்கொண்டிருக்கிறது.

இப்போது வந்திருக்கும் சவால் வேறு வகை. பேச்சு மொழியில் கேட்டால் வினவலை எழுதிக் கொடுக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் அலுவலகங்களுக்குள் வந்துவிட்டன. 2018இல் யேல் பல்கலைக்கழகக் குழு வெளியிட்ட ஸ்பைடர் என்ற சோதனைத் தொகுப்பில் தொடங்கி இவற்றின் திறமை ஆண்டுக்காண்டு ஏறுகிறது. இலக்கணப் பிழை இவற்றிடம் அபூர்வம். ஆனால் எந்த நெடுவரிசையில் நல் ஒளிந்திருக்கிறது என்று யாரும் சொல்லாவிட்டால் இவற்றுக்கும் தெரியாது. கேட்டவருக்கும் தெரியாவிட்டால் விடை நேராக அறிக்கைக்குள் போய்விடும். கருத்தரங்கு மேடையில் சேம்பர்லினும் பாய்ஸும் கனவு கண்ட கணக்காளர், அரை நூற்றாண்டு கழித்து மொழியைக் கற்காமலேயே கேள்வி கேட்கிறார். விடையைச் சரிபார்க்க மட்டும் அவர் மொழியைக் கற்றுத்தான் ஆக வேண்டும்.

தரவுத்தளத்தோடு நாள்தோறும் புழங்குகிறவர்களிடம் சில பழக்கங்கள் உண்டு. நிபந்தனைக்குப் பொருந்துபவை, பொருந்தாதவை, நல் ஆனவை என்று மூன்றையும் தனித்தனியே எண்ணி, கூட்டினால் மொத்தம் வருகிறதா என்று பார்ப்பார்கள். எதையாவது அழிக்கும் முன் அதே வேர் பகுதியை வைத்து ஒரு செலக்ட் ஓட்டி, அழியப்போவது எவை என்று கண்ணால் பார்ப்பார்கள். வேர் பகுதியை மறந்து அழிக்கும் கட்டளையை ஓட்டினால் அட்டவணை மொத்தமும் காலி. அதற்கும் இந்த மொழி முகம் சுளிக்காது. மைஎஸ்க்யூஎல்லின் கட்டளைச் சாளரத்தில் இதைத் தடுக்க ஒரு விருப்பத்தேர்வு இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டால், சாவி நெடுவரிசையில் நிபந்தனையோ லிமிட்டோ இல்லாத அழிப்பையும் மாற்றத்தையும் அது ஏற்காது. செலக்ட் விடைகளையும் இயல்பாக ஆயிரம் வரிகளோடு நிறுத்திவிடும். அதன் முறையான பெயர் 'சேஃப் அப்டேட்ஸ்'. அதை எழுதியவர்கள் இன்னொரு பெயரையும் வைத்திருக்கிறார்கள், இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்யும்: 'ஐ ஆம் அ டம்மி'. மூத்த தரவுத்தள நிர்வாகிகள் பலர், நேரடிப் பயன்பாட்டில் உள்ள சர்வரில் நுழையும்போது அதைப் போட்டுக்கொண்டுதான் நுழைகிறார்கள்.